ஆறு கம்பியும் ஒரு மத்தியானத் தூக்கமும்

என் அக்காள் புருஷனின் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் கொண்டான் கொடுத்தான் உறவுக்காரர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. அந்த உறவுக்கு எங்கள் பேச்சில் தம்பு என்று பெயர். கொழுந்தியாளான என்னை அவர் தம்பு என்பார், நானும் அவரைத் தம்பு என்பேன். எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்: எஸ்ரோம் தோகுனா. ரபாவுல் துறைமுகத்தை ஒட்டிய மாத்துபிட் தீவில் கூரை வேலை செய்கிறவர். இனிமேல் அவர் எனக்குத் தம்புதான்.

எதிரே தவுர்வுர் மலை. அது புகைந்தால் சாம்பல் விழும். சாம்பல்மேல் மழை பெய்தால் புளித்த தண்ணீர் ஓடும், அந்தத் தண்ணீர் தகரத்தைத் தின்றுவிடும். கூரை, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி, தேவாலயத்து மணி என்று துரு தொடாத சாமான் இங்கே கிடையாது. தம்பு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் ஓட்டைத் தகரத்தைப் பிரித்துப் புதுத் தகரம் அடிப்பார். முப்பது வருஷம் துருதான் அவருக்குச் சோறு போட்டது. அதே துரு தன் கிட்டாரிலும் கை வைக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

கிட்டார் என்றால் மின்சாரக் கிட்டார். வெளிறிய நீல நிறம். கப்பலில் வந்த ஒரு சமையல்காரனிடம் இரண்டு பன்றிக்குட்டி கொடுத்து வாங்கியது. தௌபார் பாய்ஸ் என்ற குழுவில் அவர்தான் முன்வரிசை. தௌபார் என்பது எங்கள் தென்கிழக்குக் காற்று. பாய்ஸ் எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஒருவருக்கு முன்பல் இல்லை, ஆனாலும் பெயரை மாற்றச் சொன்னால் கோபம் வரும்.

எங்கள் பக்கத்தில் பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. அப்படி எழுதினால் அது இலேசான பாட்டு, ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தாங்காது என்பார்கள். நல்ல பாட்டு தூக்கத்தில் வர வேண்டும். மெட்டு, வார்த்தை, ஆடுகிறவர்கள் கையை எப்படித் தூக்க வேண்டும் என்பதுவரை எல்லாமே கனவில் காட்டப்படும். தம்புவுக்குப் பாட்டு மத்தியானத்தில் வரும். காலையில் இரண்டு கூரை பார்ப்பார், பதினொன்றரைக்கு இறங்கிவிடுவார், வீட்டுக்கு வந்து பாயில் சாய்வார். அலை சத்தமும் சூட்டில் தகரம் சடசடக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். மலைப்புகை வழியாக வருகிற வெயில் பழுப்பாக, தேநீர் நிறத்தில் பாய்மேல் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூங்குவார். பாதிதான் மூடும், மீதியில் வெள்ளை தெரியும். சின்ன வயதில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது செத்துவிட்டார் என்று நான் கத்தி ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

பாட்டு வந்துகொண்டிருக்கும் நாளில் விதி நிறைய. மீன் கூடாது, உப்பு கூடாது, முக்கியமாகக் கிட்டாரைப் பெண் தொடக் கூடாது. பெண் கை பட்டால் பாட்டு கெட்டுவிடுமாம். அந்தப் பாட்டுக்காரர்களுக்கு வள்ளிக்கிழங்கு சுட்டுக் கொடுப்பது எந்தக் கை என்று நான் கேட்டால், அது வேறு இது வேறு என்பார்கள். அதோடு கிட்டாரின் தலைப்பக்கத்தில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு தெளிப்பார்கள். சுண்ணாம்பு எங்களுக்குக் காப்பு. ஆடப் போகிறவர் முகத்திலும் அதுதான், குழந்தை நெற்றியிலும் அதுதான், பாக்கோடு வாயிலும் அதுதான். தம்பு மென்றுகொண்டே வாசிப்பார். இடது தொடைப் பக்கத்தில் சுண்ணாம்பு டப்பா திறந்தே இருக்கும். ஒரு பாட்டு முடியும், வெற்றிலைக்குப் பதிலாக நாங்கள் பாக்கோடு மெல்லுகிற மிளகுக்காயை அதில் தோய்ப்பார், கடிப்பார், விரலைக் கால்சட்டையில் ஒரு இழுப்பு இழுப்பார், அடுத்த பாட்டு தொடங்கிவிடும்.

என் அக்காள் தாமரிஸ் இந்தக் கூத்துக்கெல்லாம் வாயே திறக்க மாட்டாள். வாய் எல்லாம் எனக்குத்தான் வந்தது. அவளுக்குக் கை வந்தது. சாம்பல் விழுகிற ஊரில் பெண்களுக்குத் துடைப்பதுதான் முதல் தொழில், அதிலும் அவள் ஒரு படி மேலே. தட்டு, மேசை, விளக்கு, பைபிள் அட்டை, வாழை இலை, கோழியின் முதுகு என்று எதையும் விட மாட்டாள். எப்போதும் கையில் ஏதாவது ஒரு துணி இருக்கும். அவள் எதைத் துடைக்கிறாள் என்று நாங்கள் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருமலில் படுத்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு துணி தொங்குது. அதைத் துவைச்சுப் போடு. தூக்கி எறிஞ்சிடாதே," என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னபடி துவைத்தேன். அவளுடைய பழைய பச்சைச் சட்டையிலிருந்து கிழித்த துண்டு அது, எவ்வளவு அடித்துத் துவைத்தும் வெள்ளைக் கறை போகவில்லை. அவள் சாமான்களோடு அதுவும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சூடான பானை இறக்க வசதியாக இருந்தது, அடுப்படியிலேயே வைத்துக்கொண்டேன்.

தம்பு ஒரு வருஷம் கிட்டாரைத் தொடவில்லை. கூரையில் ஏறுவார், இறங்குவார், சாப்பிடுவார். பிறகு எங்கள் குலத்துப் பெரியவர்கள் கூடி, வரும் வெயில் காலத்தில் தாமரிஸுக்குச் சிமெண்டு திறப்பது என்று முடிவு செய்தார்கள். கல்லறைக்குச் சிமெண்டு போட்டு, வெள்ளை அடித்து, துணி போர்த்தி வைத்து, ஊர் கூடித் துணியை விலக்குகிற நாள் அது. அன்றைக்கு இறந்தவருக்கென்று புதுப் பாட்டு ஒன்று வேண்டும். வேறு யாருக்கோ பாடின பாட்டைப் பாடினால் ஊர் சிரிக்கும், இறந்தவர் என்ன செய்வார் என்று தெரியாது.

அந்த வாரமே மத்தியானத்தில் பாட்டு வர ஆரம்பித்தது. தம்பு என் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் கழுவாமல், தூக்கம் கலையாமல் நின்றார்.

"தம்பு, அவ வந்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. ஏதோ மெட்டு முனகுறா. நான் கூப்பிடுறேன், திரும்ப மாட்டேங்குறா."

"நீங்க என்ன செஞ்சீங்களோ."

"அதான் எனக்கும் தெரியல," என்றார். "பாட்டை முழுசா, சரியா வாசிச்சா திரும்புவான்னு தோணுது. சிமெண்டு அன்னைக்கு வாசிச்சே ஆகணும்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கனவில் கை என்ன செய்தது, கால் என்ன செய்தது என்பது ஆட்டம். ஒத்திகைக்கு முன்னால் ஆட்டத்தை வெளியே சொன்னால் கலைந்துவிடும் என்பது வழக்கம். ஆனால் அவருக்கு வேண்டியது என்ன என்று எனக்குப் புரிந்தது. பாட்டும் பேரும் இல்லை. அவள் ஒரு தடவை திரும்பி முகத்தைக் காட்ட வேண்டும்.

கிட்டாரை இறக்கினார். பழைய கம்பிகள் துரு ஏறிப் பழுப்பாய் நின்றன. ரபாவுல் கடையில் இருந்த ஒரே செட்டை வாங்கி வந்தார். மெல்லிசுக் கம்பி, இளவட்டங்கள் கீச்சுக்கீச்சென்று வாசிக்கிறதற்கு ஆனது. எங்கள் குழுக்கள் கம்பியைத் தளர்த்தி, தங்களுக்கென்று ஒரு தாழ்ந்த சுருதி வைத்துக்கொள்ளும், அது குழுவின் ரகசியம். அந்தச் சுருதிக்குத் தளர்த்தியதும் மெல்லிசுக் கம்பி அவிழ்ந்த பாவாடை நாடா மாதிரி ஆடியது.

பேஸ் கிட்டார் வாசிக்கிற தோவாலா வயிறு குலுங்கச் சிரித்தார். "அண்ணே, இதுல துணி காயப் போடலாம், பாட்டு வாசிக்க முடியாது."

"உன் வாயில பல்லு இல்ல, பேச்சு மட்டும் வருது," என்றார் தம்பு.

அடுத்து தடித்த செட். அதிலும் மூன்றாவது கம்பி மொட்டைக் கம்பியாக இல்லாமல், மேலே இன்னொரு கம்பி சுற்றியதாக இருக்க வேண்டும் என்று தேடினார். தளர்ந்த சுருதியில் மொட்டையான மூன்றாவது கம்பி, ஒரு கட்டையில் சரியாகப் பேசினால் அடுத்த கட்டையில் பொய் சொல்லும் என்பது அவர் கணக்கு. கொக்கோபோவில் ஒரு கடையில் கிடைத்தது. தாமரிஸ் இருந்த காலத்தில் போட்டிருந்ததும் அதே மாதிரி செட்தான். மாட்டின அன்றைக்குத் தீவு முழுக்கக் கணீரென்று கேட்டது. இரண்டாம் நாள் பரவாயில்லை. நான்காம் நாள் சத்தம் தரையில் விழுந்தது. ஏழாம் நாள் பலகையைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

"மலையோட வேலை," என்றார் தம்பு. மலையைப் பார்த்துக் காறித் துப்பினார். அது பதிலுக்கு ஒரு கைப்பிடி சாம்பல் தூவியது.

கூரைக்காரருக்கு உலோகம் தெரியும் இல்லையா? துருப்பிடிக்காத இரும்பில் சுற்றின கம்பியைப் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து ஆள் மூலம் வரவழைத்தார். சத்தம் காதைக் கிழித்தது, விரல் நுனி தேய்ந்தது, சரி, துரு மட்டும் வரவில்லை. ஆனால் பத்தாம் நாள் அதுவும் ஊமை. தம்பு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கம்பியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளித் துரு இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் பயந்ததைப் பார்த்தேன்.

"துரு இல்ல தம்பு. ஆனா செத்துப்போச்சு. எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? நான் பொம்பளை. தொடவே கூடாதுன்னு சொன்ன சாமானைப் பத்தி என்கிட்ட கேக்குறீங்க."

பிரிஸ்பேனில் இருக்கிற அவருடைய அக்காள் மகன் மொழுமொழுவென்று தட்டையாகச் சுற்றிய கம்பியை அனுப்பினான். விரல் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு சொரசொரப்பு கிடையாது. அது ஒரு மாதம் தாங்கியது. நாங்கள் எல்லாம் தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் தம்பு அந்த மாதம் முழுக்க வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேகாத சேனைக்கிழங்கை வாயில வெச்சுக்கிட்டு பாடுற மாதிரி இருக்கு. அவ முனகுற மெட்டுல மணிச்சத்தம் இருக்கு. இதுல இல்ல."

"ஊர்ல யாருக்கு அது தெரியப் போகுது?"

"அவளுக்குத் தெரியும்."

அப்போது நான் அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் கொதித்து என் கைத்துணியில் வழிந்தது. அவர் அந்தத் துணியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், பார்வை எங்கோ இருந்தது.

"அவ இருந்தப்ப ஒரு செட் ஆறு மாசம் வரும்," என்றார். "அப்பவும் மலை புகைஞ்சுது. இதே சாம்பல். இதே மழை. அவ போனதும் கம்பியும் போகுது. என்மேல கோவமா இருக்காளா?"

அழுகையை மறைக்க, "சாப்பிடுங்க, ஆறுது," என்று அதட்டினேன். அன்றைக்குக்கூட எனக்குத் தோன்றவில்லை. கையில் பிடித்திருந்தேனே, அந்தத் துணியைக் கையிலேயே பிடித்திருந்தேனே என்று பிற்பாடு எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

சிமெண்டு திறக்க மூன்று வாரம் இருந்தது. பாட்டு வந்துவிட்டது, ஆட்டம் வந்துவிட்டது, கம்பி மட்டும் வரவில்லை. வேறு வழியின்றி தம்பு திரும்பவும் பழைய தடித்த செட்டையே மாட்டிக்கொண்டு, சாகிற வரைக்கும் ஆகட்டும் என்று ஒத்திகையைத் தொடங்கினார். பிற்பகல் நேரம், கடலோரத்து மாமரத்தடி. பன்னிரண்டு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்வரிசைத் தலைவி பெர்சிஸ், என் வயதுக்காரி, வாயில் எனக்குச் சளைத்தவள் இல்லை. நான் ஆடுகிறவர்களுக்கு இளநீர் கொண்டுபோயிருந்தேன்.

தம்பு கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். "இடது கை இப்படி, ஒரு பொருளைத் தாங்குற மாதிரி. வலது கை மேலேருந்து கீழே நீளமா போகணும். மெதுவா. திரும்ப மேலே. ஒண்ணு, ரெண்டு, அப்படியே ஆறு தடவை. ஆறாவது முடிஞ்சதும் கையைத் தூக்கி ரெண்டு உதறு. அப்புறம் மறுபடி."

"இது என்ன ஆட்டம், புள்ளைய முதுகுல தடவுற ஆட்டமா?" என்றாள் பெர்சிஸ்.

"காட்டினது இதுதான். நான் மாத்தக் கூடாது."

"சரி சரி, மாத்தாதீங்க. கனவுல எங்களுக்கு இடுப்பை ஆட்ட ஒண்ணும் குடுக்கலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். தோவாலா பேஸ் கம்பியைத் தட்டினார். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். மலைப்புகை மேற்கே சாய்ந்து வெயில் பழுப்பாக இறங்கியது. சாம்பல் மிக மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பன்னிரண்டு வலது கைகள் சேர்ந்து மேலிருந்து கீழே நீளமாகப் போயின, திரும்பின, ஆறு தடவை போய்வந்தன. பிறகு எல்லாக் கைகளும் மேலே எழும்பி, இரண்டு உதறு உதறின.

அந்த உதறலை எனக்குத் தெரியும். பட், பட் என்று துணியை வாசல் பக்கம் நீட்டி இரண்டு தடவை உதறுகிறவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். சுவரோரம் பாயில் தம்பு பாதிக் கண்ணை மூடிக் கிடப்பார். அவர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் நீலக் கிட்டாரைக் கிடத்தி, ஒவ்வொரு கம்பியாக, மேலிருந்து கீழே... எத்தனை மத்தியானம் அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன்!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "இது ஆட்டம் இல்ல!"

பாட்டு நின்றது. தம்பு முகம் சுருங்கியது. "தம்பு, இது கனவுல வந்த..."

"அக்கா உங்க கம்பியைத் துடைக்கிறா! ஆறு கம்பி, ஆறு தடவை. நீங்க தூங்குறப்ப. தினம் தினம்!"

நான் இளநீரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எனக்கு ஓடுகிற வயதில்லை, ஆனாலும் ஓடினேன். அடுப்படியிலிருந்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். பானைக் கரி ஒரு பக்கம், தேங்காய்ப்பால் ஒரு பக்கம். நடுவில் அந்த வெள்ளைக் கறை, கோடு கோடாக.

தம்பு விரலால் கறையைச் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு," என்றார்.

பிறகு மெதுவாகத் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். நான்கு விரல் நுனியும் வெள்ளையாக இருந்தன. கிட்டாரை மடியில் கவிழ்த்துக் கழுத்தோரம் கண்ணை வைத்துப் பார்த்தார். தடித்த கம்பியின் ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் சுண்ணாம்பு, வியர்வையோடு கலந்து, சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. மலையும் சும்மா இல்லை, மொட்டைக் கம்பிகளில் துரு வைத்திருந்தது. ஆனால் பாட்டின் கழுத்தை நெரித்தது அவர் விரல்தான். சுண்ணாம்பு கெடுக்கும் என்று எங்களில் யார் நினைப்போம்? காப்புக்குப் போடுகிற பொருள் அது.

"மொழுமொழுக் கம்பி ஏன் ஒரு மாசம் தாங்குச்சுன்னு இப்ப தெரியுது," என்றார் தோவாலா மெல்ல. "உள்ள போய் உக்கார அதுல இடம் இல்ல."

தம்புவுக்கு அது காதில் விழவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவா?" என்றேன். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "பொம்பளை தொட்டா பாட்டு கெட்டுப்போகும்னு சட்டம் போட்டது யாரு? தொடுறான்னு தெரிஞ்சா நீங்க அந்தப் பாட்டையே தூக்கிக் கடல்ல போட்டிருப்பீங்க. இத்தனை வருஷம் நீங்க வாசிச்ச ஒவ்வொரு பாட்டுலயும் அவ கை பட்டிருக்கு. எது கெட்டுச்சு? சொல்லுங்க, எது கெட்டுச்சு?"

"ஆஸ்பத்திரியில என்கிட்டச் சொன்னா," என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது. "துணியைத் துவைச்சுப் போடு, எறியாதேன்னா. நான் அதுல பானை இறக்கிக்கிட்டிருந்தேன்."

பெர்சிஸ் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள். தம்பு அந்தத் துணியை மூக்கோடு வைத்து முகர்ந்தார். புகை வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் இருந்திருக்கும்.

"அப்ப நான் பார்த்தது கனவு இல்லியா?" என்று கேட்டார்.

"பாதிக் கண்ணைத் திறந்து வெச்சுத் தூங்குறவருக்கு எது கனவு எது நிஜம்னு நான் என்னத்தைச் சொல்ல?"

ஆட்டத்தை மாற்றலாமா என்று தோவாலா கேட்டார். தம்பு மாட்டேன் என்றுவிட்டார். பெர்சிஸும் மாட்டேன் என்றாள். "இப்பதான் இது என்ன ஆட்டம்னு எங்களுக்குத் தெரியும். இனிமேதான் ஒழுங்கா ஆடுவோம்," என்றாள்.

அதே வகைத் தடித்த செட் இன்னொன்று கொக்கோபோவிலிருந்து வந்தது, மூன்றாவது கம்பி சுற்றியதாகவே. ஒவ்வொரு தடவை வாசித்து முடித்ததும் தம்பு கையைக் கழுவினார், துணியில் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு ஆறு கம்பியையும் துடைத்தார். முதலில் அவசரமாகத் துடைத்தார். "மெதுவா," என்று பெர்சிஸ் அதட்டினாள், "எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்களே, அந்த மாதிரி." மூன்றாம் வாரமும் கிட்டார் கணீரென்றுதான் இருந்தது.

சிமெண்டு திறந்த நாள் மலை அடங்கியிருந்தது. வெள்ளை அடித்த கல்லறைமேல் போர்த்தியிருந்த துணியை நான்தான் விலக்கினேன். தம்பு வந்து நின்றார். வாசிக்கும் முன்னால், அத்தனை பேர் பார்க்க, தோளிலிருந்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இரண்டு உதறு உதறினார். பிறகு துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பாட்டை எடுத்தார். சாம்பல் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒருத்தி துடைத்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. கிழவர்கள்கூட அழுதார்கள். பெண் தொடக் கூடாது என்ற விதியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை.

விருந்து முடிந்து மத்தியானத்தில் தம்பு கல்லறைக்குப் பக்கத்து நிழலில் சாய்ந்தார். நான் காத்திருந்தேன். அவர் எழுந்ததும், "திரும்பினாளா?" என்று கேட்டேன்.

"வரவே இல்ல," என்றார்.

பாட்டு முடிந்தால் கனவும் முடிந்துவிடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான்கு மாதம் போயிற்று. ஒரு நாள் உச்சி வெயிலில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தார். பலாக்கொட்டைக் கஞ்சியை இறக்கிவிட்டு வெளியே வந்தேன். கம்பி எல்லாம் வெள்ளை பூத்து, மொட்டைக் கம்பிகளில் பழுப்பு ஏறிக் கிடந்தது.

"என்ன இது? துடைக்கிறதை விட்டுட்டீங்களா?"

"ரெண்டு வாரமா துடைக்கல."

"ஏன்? சோம்பேறித்தனமா?"

அவர் தரையைப் பார்த்தார். "அழுக்கா கெடந்தா வருவாளோன்னு பார்த்தேன். அவளால அழுக்கைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாதே. வரல தம்பு."

உள்ளே போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தேன். பாயை விரித்தேன்.

"கிட்டாரைக் குடுத்துட்டு படுங்க," என்றேன்.

அவர் படுத்தார். கண் பாதி மூடியது. சிமெண்டு அன்றைக்குப் பாட்டு முடிந்ததும் என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட பச்சைத் துண்டு அவர் தோளிலேயே கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிட்டாரை மடியில் கிடத்தி, முதல் கம்பியை மேலிருந்து கீழே நீளமாக, மெதுவாகத் துடைத்தேன். எனக்கு அக்காளின் முதுகு, அதே தோள், அதே கொண்டை என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். வெயில் பழுப்பாக இருந்தது. பாட்டு எனக்கு வராது, இருந்தாலும் அந்த மெட்டை முனகினேன். பின்னால் அவர் மூச்சு சீராவது கேட்டது. ஆறு கம்பியும் முடித்துத் துணியை இரண்டு உதறு உதறினேன். மறுபடி முதல் கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் எழுந்து போகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.